இருபத்தோர் இலக்க எண் ஒன்று

இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேச விழைகிறேன். அதை முதலில் உங்கள் செவிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி. ஐம்பத்திரண்டு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கோடி. அறுபத்து நான்கு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. தாளில் எழுதினால் 147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள்.

இவ்வளவு பெரிய எண் நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சதுரங்கம் கண்டவனுக்கு அரசன் பரிசளித்த கதையை நாம் எல்லோரும் இளமையில் கேட்டிருக்கிறோம். முதற் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் முன்னதைப் போல் இரு மடங்கு. பலகையில் 64 கட்டங்கள். அந்தப் பலகைக்கு மூன்று கட்டங்கள் கூடுதலாக, அதாவது 67 கட்டங்கள் இருந்திருக்குமானால், அரசன் அளக்க வேண்டிய மணிகளின் மொத்தம் மேலே கூறிய எண்ணேயாகும். 2ஐ 67 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையிலிருந்து 1ஐக் கழித்தாலும் இதுவே கிடைக்கும்.

இந்த மணிகளை முன்னிறுத்திக் கணித நூலோர் கேட்ட வினா மிக எளியது. அத்தனை மணிகளையும் சம அளவுள்ள வரிசைகளாக, ஒன்றும் மிஞ்சாமல் அடுக்க முடியுமா? 15 மணிகளை மூன்று வரிசைகளில் ஐந்தைந்தாக அடுக்கலாம். 17 மணிகளை எவ்வாறு முயன்றாலும் அடுக்க இயலாது. ஒரே நீண்ட வரிசையாகத்தான் வைக்க வேண்டும். அடுக்க முடியாத எண்ணைப் பகா எண் என்றும், அடுக்க முடிந்ததைப் பகு எண் என்றும் கூறுகிறோம். நமது இருபத்தோர் இலக்க எண் பகா எண்ணா, பகு எண்ணா? எளிய இந்த வினாவுக்கு முழு விடை கிடைக்க 259 ஆண்டுகள் ஆயின.

கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் விடை உடனே கிடைத்துவிடும். ஆறு கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மணிகள் 1, 2, 4, 8, 16, 32, மொத்தம் 63. கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 3, 12, 48 என்று வரும். மூன்றும் 3இன் மடங்குகள். ஆகவே 63 பகு எண். கட்டங்களைச் சமக் கூட்டங்களாகப் பிரிக்க முடிந்தபோதெல்லாம் மணிகளையும் பிரிக்கலாம் என்பதே இதன் கருத்து. ஆகவே கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருக்கும்போதுதான் வினாவுக்கே இடம் உண்டு. 2, 3, 5, 7 கட்டங்களுக்கு முறையே 3, 7, 31, 127 என்ற பகா எண்கள் கிடைக்கின்றன. இத்துடன் விதி அமைந்துவிட்டது என்று மகிழ்வோமானால், 11 கட்டங்கள் நம்மை ஏமாற்றிவிடும். மொத்தம் 2047, அது 23ஐ 89ஆல் பெருக்கிய தொகை.

இவ்வகை எண்களில் மக்களுக்கு ஆர்வம் தோன்றியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 6 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3; அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. 28ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28. இத்தகைய எண்களைக் கிரேக்கர் நிறைவெண்கள் என்றனர். நாம் கூறிய மணிக் கூட்டல் எங்கெல்லாம் பகா எண்ணாக அமைகிறதோ, அங்கெல்லாம் அதனைக் கடைசிக் கட்டத்து மணிகளின் தொகையால் பெருக்கினால் நிறைவெண் ஒன்று கிடைக்கும் என்று யூக்ளிடு நிறுவினார். மூன்று கட்டங்களுக்கு மொத்தம் 7, கடைசிக் கட்டத்தில் 4, பெருக்கினால் 28. ஐந்து கட்டங்களுக்கு 31, 16, பெருக்கினால் 496. புதிய பகா எண் ஒன்று கிட்டினால் புதிய நிறைவெண் ஒன்றும் கூடவே கிட்டும்.

பாரிசு நகரில் வாழ்ந்த மாரின் மெர்சென் என்ற துறவி 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்னும் அடுக்குகளுக்கு மட்டுமே இவ்வெண் பகா எண்ணாகும் என்பது அவர் கூற்று. அறிஞர் பலரோடும் ஓயாது கடிதத் தொடர்பு வைத்திருந்த பெருமகனார் அவர். எனினும் பதினைந்து, இருபது இலக்கங்கள் உள்ள எண் ஒன்று பகா எண்தானா என்று சோதித்து முடிக்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். நமது எண்ணுக்கோ இருபத்தோர் இலக்கங்கள்! ஆகவே அவர் பட்டியலைக் கணக்கிட்டு எழுதவில்லை என்பது தெளிவு. அவர் பெயருக்கிருந்த மதிப்பாலும், எவராலும் சோதிக்க இயலாத காரணத்தாலும், அந்தப் பட்டியல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. இவ்வெண்கள் இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன.

1876ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா பட்டியலில் முதல் ஓட்டையைக் கண்டார். 67 கட்டத்து எண் பகா எண் அன்று என்று அவர் காட்டினார். எந்த எண்ணால் அது வகுபடும் என்று அவர் சொல்லவில்லை. அவரால் சொல்லவும் இயலவில்லை. வகுக்கும் எண்ணைக் காட்டாமலே வகுபடும் என்று எப்படிக் கூற முடியும்? இது நமது பேச்சின் மையமான செய்தி. ஆதலால் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

லூக்காவின் வழியைப் பின்னர் 1930ஐ ஒட்டி அமெரிக்கரான டெரிக் லேமர் செம்மைப்படுத்தினார். அந்த வடிவத்தையே கூறுகிறேன். 4இலிருந்து தொடங்குங்கள். அதனை வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். வந்ததைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மீண்டும் வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து வகுத்துச் செல்லுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைவாக இத்தனை முறை செய்தபின் மீதி சுழியாக வந்தால் அது பகா எண். சுழி வராவிட்டால் பகு எண். ஐந்து கட்டத்து எண்ணாகிய 31ஐச் சோதிப்போம். மூன்று முறை செய்ய வேண்டும். 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194. 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62. 31ஆல் வகுக்க மீதி சுழி. ஆகவே 31 பகா எண். 11 கட்டத்து 2047ஐ இதே போல ஒன்பது முறை சோதித்தால் முடிவில் 1736 மீதியாக நிற்கும். சுழி வரவில்லை, ஆகவே 2047 பகு எண்.

ஆனால் அந்த 1736ஐ எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதிலே 23 தெரிவதில்லை, 89 தெரிவதில்லை. தீர்ப்பு கிடைத்தது, சாட்சி கிடைக்கவில்லை. நெற்குவியலை வரிசைகளாக அடுக்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. எத்தனை வரிசை என்பது தெரியவில்லை. ஒன்று இருக்கிறது என்று அறிவது வேறு, அது இன்னது என்று அறிவது வேறு என்ற நுட்பமான வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எண் உலகில் அரிது.

சாட்சியைத் தேடும் பணி 27 ஆண்டுகள் காத்திருந்தது. அதனை முடித்தவர் நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த பிராங்கு நெல்சன் கோல். 1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நியூயார்க்கில் நடந்தது. அன்று நிகழ்ந்ததைக் கணித வரலாறு எழுதிய எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் விவரித்திருக்கிறார். கோல் எழுந்து கரும்பலகையருகே சென்றார். ஒரு சொல்லும் பேசாமல் 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1ஐக் கழித்து எழுதினார். பலகையின் மறுபுறம் சென்று இரண்டு எண்களை எழுதிப் பள்ளி மாணவனைப் போலப் படிப்படியாகப் பெருக்கினார். இரு புறத்து விடைகளும் ஒன்றாக இருந்தன. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார். அவையோர் கைதட்டினர், ஒருவரும் வினா எழுப்பவில்லை. பெல் சுவைபடக் கதை சொல்லும் இயல்பினர் என்பதை நினைவிற்கொண்டே இதனை ஏற்க வேண்டும். ஆயின் கரும்பலகையில் எழுதப்பட்ட எண்களில் கற்பனை சிறிதும் இல்லை. அவை 193707721, 761838257287. முன்னது 19 கோடியே 37 இலட்சத்து 7,721. பின்னது 76,183 கோடியே 82 இலட்சத்து 57,287.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை காலம் ஆயிற்று என்று பெல் பின்னொரு நாள் கேட்டபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடை கூறினாராம். அந்த மூன்றாண்டுகளை அவர் எப்படிச் செலவிட்டிருக்கக் கூடும் என்று ஆராய்வது பயனுள்ளது. நம் எண்ணின் வர்க்க மூலம் ஏறக்குறைய 1,214 கோடியே 80 இலட்சம். பகு எண்ணுக்கு அதன் வர்க்க மூலத்தை மீறாத பகாக் காரணி ஒன்றேனும் இருந்தே தீரும். ஆகவே 2, 3, 5 என்று தொடங்கி 1,214 கோடி வரை வகுத்துக்கொண்டே போகலாம். மனிதப் பிறவி ஒன்று அதற்குப் போதாது.

இங்கே 1640ஆம் ஆண்டில் ஃபெர்மா கண்ட உண்மை கை கொடுக்கிறது. கட்டங்களின் எண்ணிக்கை இரண்டுக்கு மேற்பட்ட பகா எண்ணாக இருந்தால், மொத்தத்தை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், கட்டங்களின் இரு மடங்கைக் காட்டிலும், அல்லது அவ்விரு மடங்கின் மடங்குகளைக் காட்டிலும், ஒன்றே அதிகமாக இருக்கும். 11இன் இரு மடங்கு 22; 2047இன் காரணிகள் 23, 89. முன்னது 22ஐவிட ஒன்று அதிகம். பின்னது 88ஐவிட ஒன்று அதிகம். 67இன் இரு மடங்கு 134. எனவே 134இன் மடங்குகளோடு 1ஐக் கூட்டிய எண்களை மட்டும் சோதித்தால் போதும். இது ஒரு பெரிய சல்லடை.

இரண்டாவது சல்லடையும் உண்டு. ஒரு வர்க்க எண்ணை நமது எண்ணால் வகுத்தால் வரும் மீதி எதுவோ, அது நமது எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியைப் பொறுத்தும் ஒரு வர்க்கத்தின் மீதியாகவே அமையும். 2இன் 34ஆம் அடுக்கை வர்க்கப்படுத்தினால் 2இன் 68ஆம் அடுக்கு. அதை நம் எண்ணால் வகுத்தால் மீதி 2. ஆகவே நாம் தேடும் காரணிக்கு 2 என்பது வர்க்க மீதியாக இருக்க வேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும் பகா எண்களுக்கே இத்தகுதி உண்டு. இந்த ஒரு நிபந்தனை, மிஞ்சிய எண்களில் பாதியைக் கழித்துவிடுகிறது.

இவ்விரு சல்லடைகளுக்குப் பின்னும் கோல் கண்ட காரணி வரிசையில் 7,22,790ஆவதாக நிற்கிறது. நிமிடத்திற்கு ஒன்று வீதம், ஞாயிறுதோறும் எட்டு மணி நேரம் வகுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடுவனவற்றை விலக்கினாலும் பதின்மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது. காரணி அத்தனை அருகில் இருக்கிறது என்பதும் முன்கூட்டித் தெரியாது. வரிசை நாலரைக் கோடிக்கும் மேல் நீள்கிறது. கோல் வெறும் உழைப்பாளியாக மட்டும் இருந்திருந்தால் வெற்றி கிட்டியிராது. நம் எண்ணால் வகுத்தால் சிறிய மீதி தரும் வேறு வர்க்கங்களை அவர் தேடிப் பிடித்தார். அத்தகைய மீதி ஒவ்வொன்றும் புதிய சல்லடை. ஒவ்வொரு சல்லடையும் எஞ்சியவற்றில் பாதியைத் தள்ளும். பத்துச் சல்லடைகள் இருந்தால் ஆயிரத்தில் ஒன்றே மிஞ்சும். அவர் இவ்வழியைத் தம் கட்டுரையில் விளக்கி 1903ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

மெர்சென் பட்டியலின் எஞ்சிய கதையையும் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுகிறேன். 257உம் தவறாகவே சேர்ந்திருந்தது. விடுபட்டுப்போன 61, 89, 107 ஆகியவை முறையே 1883, 1911, 1914ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டு முடிய 1947ஆம் ஆண்டு ஆயிற்று. 61 என்பதே 67 என்று அச்சில் பிறழ்ந்திருக்கலாம் என ஊகிப்போரும் உண்டு.

இன்று நமது எண்ணைக் கணிப்பொறியிடம் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் காரணிகளைக் கூறிவிடும். அப்படியானால் கோலின் ஞாயிற்றுக்கிழமைகள் வீண்தானா, பழங்கதைதானா என்று ஐயுற வேண்டியதில்லை. கோல் முட்டி மோதிய சுவர் இன்னும் இடியவில்லை. இருபத்தோர் இலக்கத்திலிருந்து பல நூறு இலக்கத்திற்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஓர் எண் பகா எண்ணா என்று அறியும் கலை வியக்கத்தக்க அளவு வளர்ந்துவிட்டது. 2002ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும், எந்த எண்ணையும் அதன் இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவான படிகளில் ஐயத்திற்கிடமின்றிச் சோதிக்கும் வழியைக் கண்டனர். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. தீர்ப்பு வழங்குவதில் நாம் கோடிக்கணக்கான இலக்கங்களை எட்டிவிட்டோம்.

சாட்சி தேடுவதில் நிலை வேறு. ரிவெஸ்டு, ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் 1977ஆம் ஆண்டில் இரு பெரிய பகா எண்களைப் பெருக்கி, அத்தொகையைப் பூட்டாகவும் அவ்விரு காரணிகளைத் திறவுகோலாகவும் கொண்ட மறைமொழி முறை ஒன்றை அமைத்தனர். பெருக்குவது எளிது, தொகையைக் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால் அரிது. இதுவே அதன் வலிமை. அவர்கள் அப்போது வெளியிட்ட 129 இலக்க எண் ஒன்று 1994ஆம் ஆண்டில்தான் பிளக்கப்பட்டது; அதற்கு ஏறத்தாழ 600 பேர் எட்டு மாதங்கள் தம் கணிப்பொறிகளை இணைத்து உழைக்க வேண்டியிருந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ள எண்கள் இப்பணிக்கு இன்று பயன்படுகின்றன. நாம் வங்கிக்கு அனுப்பும் மறைச்செய்தியின் காவலில் கோலின் கரும்பலகையில் இருந்த அதே ஏற்றத்தாழ்வுக்கும் பங்குண்டு.

இந்தக் காவல் நிலையானது என்று எவரும் நிறுவியதில்லை. காரணிகளைக் காண எளிய வழி இல்லவே இல்லை என்பதற்கு நிரூபணம் கிடையாது. இதுவரை எவரும் கண்டதில்லை என்பதே நம் கையிருப்பு. குவாண்டம் கணிப்பொறி என்ற புதுவகைப் பொறி போதிய ஆற்றலுடன் அமையுமானால் அது விரைந்து காரணிகளைக் காணும் என்று 1994ஆம் ஆண்டிலேயே பீட்டர் ஷோர் காட்டியிருக்கிறார். அந்நாளை முன்னிட்டு வேறு பூட்டுகளை இப்போதே அமைத்து வருகின்றனர்.

நேயர்களே, பெரியோர் ஒருவர் கூறினார் என்பதற்காக ஒரு கூற்றை உலகம் நெடுங்காலம் நம்பியது. அதனைத் திருத்தியவர் தம் பெயரையோ பதவியையோ சான்றாகக் காட்டவில்லை. எவரும் சரிபார்க்கத்தக்க பெருக்கற் கணக்கு ஒன்றைக் காட்டினார். அந்தச் சோதனை உங்களுக்கும் எட்டியதே. முதலில் ஒரு சிறு சோதனை. 193707721இன் இலக்கங்களைக் கூட்டினால் 37, மீண்டும் கூட்டினால் 10, மீண்டும் 1. மற்றைய காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 64, பிறகு 10, பிறகு 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. நமது பேரெண்ணின் இலக்கங்களின் கூட்டல் 109. அதுவும் 10 ஆகி, 1 ஆகிறது. பொருத்தம் சரி. ஆயின் இது தவறான பெருக்கல் சிலவற்றைக் காட்டிக்கொடுக்குமேயன்றி, பெருக்கல் சரி என்பதை உறுதி செய்யாது. உறுதி வேண்டுமானால் முழுப் பெருக்கலையும் செய்ய வேண்டும். முதல் எண்ணில் உள்ள சுழி ஒன்றை விட்டால், வாய்பாட்டில் உள்ள சிறு பெருக்கல்கள் 96 மட்டுமே. நமது வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளும் பென்சிலும் கொடுத்து உட்காரவைக்கலாம். கோல் மூன்றாண்டு தேடியதை அப்பிள்ளை ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிடும். விடையில் ஓர் இலக்கம் பிசகினால், பிசகு எங்கே என்று அதனோடு சேர்ந்து நீங்களும் தேடிப் பாருங்கள்.